சாவி யார் கையில்

நாத்தனாரின் பித்தப்பையில் கல் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து, அந்தக் கல்லைவிட நாத்தனார்தான் எல்லாரையும் அதிகமாகப் படுத்தி எடுத்தார். ஆபரேஷனுக்கு முதல் தேதி கொடுத்தபோது, தன்னிடம் கார் பழகுகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் லைசென்ஸ் தேர்வு என்றார். அடுத்த தேதிக்கு ஜலதோஷம் வந்தது. அதற்கடுத்த தேதிக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது, போனையே எடுக்கவில்லை. வலி வரும்போது மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே பண்ணிடலாம்" என்பார். வலி நின்றதும் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

மயக்க டாக்டருக்கு இது பிடிபடவே இல்லை. அவள் அந்த நாத்தனாரின் தம்பியைக் கட்டிக்கொண்டவள். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி போட்டு ஆளை மயக்குவது அவள் வேலை என்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அந்தப் பெயர். "உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் அவள் கணவர், "மயக்குறாங்க" என்று சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தை ஆவலோடு பார்ப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து இதே நகைச்சுவைதான். அவர் ஒருவர் மட்டும் இன்னும் அதற்குச் சிரிக்கிறார்.

நாத்தனார் பயப்படுகிற ரகமும் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர் அவர். எதிரே பஸ் வருவதைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தி, "இப்பக் கண்ணைத் திறக்கலாம்" என்று நிதானமாகச் சொல்வார். மயக்க டாக்டரும் அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். தேர்வில் இரண்டு முறை தோற்றாள். அது கற்றவளின் குறையா, கற்றுக்கொடுத்தவரின் குறையா என்பது குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு.

இந்த முறை நேரில் போய்ப் பிடித்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினாள். ஞாயிறு என்றால் ஆள் நிச்சயம் வீட்டில் இருப்பார். அன்றைக்கு அவருடைய கூடத்தில் வேதாந்த வகுப்பு. வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் கார் கற்றுக்கொண்டவர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் அவரை விட்டுப் போக மனம் வராதவர்கள். நாத்தனார் எவ்வளவு பெரிய தத்துவத்தை எடுத்தாலும், அடுத்த வாக்கியத்தில் அதைக் காருக்குள் ஏற்றி, கதவைச் சாத்திவிடுவார். அதனால் அவர்களுக்கு எல்லாம் விளங்கிற்று, அல்லது விளங்கின மாதிரி இருந்தது.

மயக்க டாக்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே குரல் வாசல்வரை கேட்டது.

"நனவுன்னா என்ன? எஞ்சின் ஓடுது, வண்டியும் ஓடுது. கனவுன்னா? வண்டி ஷெட்டுல நிக்குது, எஞ்சின் மட்டும் உறுமிக்கிட்டு இருக்கு. எங்கெங்கேயோ போன மாதிரி இருக்கும், ஒரு அடி நகர்ந்திருக்காது. ஆழ்ந்த தூக்கத்துல எஞ்சினும் ஆஃப். ஆனா சாவி நம்ம கையில இருக்கு. அதனாலதான் காலையில எழுந்து, 'நல்லா தூங்கினேன், ஒண்ணுமே தெரியலை'ன்னு சொல்றோம். ஒண்ணுமே தெரியலைன்னா, நல்லா தூங்கினது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

வழக்கமாக இந்த இடத்தில் வகுப்பு முழுக்க ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். நாத்தனார் அதை அனுபவித்துவிட்டு, "உள்ளே யாரோ முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்காங்க. அந்த ஆளுக்குப் பேர் சாட்சி. அதுதான் நீ. மிச்சமெல்லாம் வண்டி" என்று முடிப்பார். துரியம் என்கிற நாலாவது நிலை அதற்கப்புறம் வரும். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டே வண்டி நான் இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் துரியம் என்பது அவர் தரும் விளக்கம்.

அன்றைக்கு அவர் சிரிப்புக்குக் காத்திருக்கவில்லை. கேள்வியோடு நிறுத்தி, "மிச்சம் அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். தையல்கடை வைத்திருக்கும் அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டே வெளியேறியதை மயக்க டாக்டர் கவனித்தாள்.

சமையலறையில் காபி கலந்துகொண்டே நாத்தனார் கேட்டார். "என்ன, டாக்டரம்மா சண்டைக்கு வந்திருக்கீங்களா?"

"ஆமாம் அண்ணி. அந்தப் பை வீங்கி அடைச்சுக்கிச்சுன்னா அப்புறம் அவசரமா ராத்திரியில தூக்கிட்டு ஓடணும். சின்ன ஓட்டை போட்டு எடுக்கிற வேலை. கத்திக்கா பயப்படுறீங்க?"

"கத்திக்கு யாரு பயந்தா? வெட்டட்டும், எடுக்கட்டும். எனக்கு அந்தப் பை இருந்தா என்ன, போனா என்ன." நாத்தனார் அடுப்பை அணைத்தார். "உன் ஊசிக்குத்தான் பயப்படுறேன்."

மயக்க டாக்டருக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. அவள் ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று ஆஸ்பத்திரியில் பெயர். அப்புறம்தான் நாத்தனார் விஷயத்தைச் சொன்னார்.

ஸ்கேன் எடுத்த அதே வாரம் வகுப்பில் தையல்கடை அம்மா வாயைத் திறந்திருக்கிறார். அவருக்குப் போன வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "தூக்கத்துக்கு நீங்க சொல்றது சரி மேடம். எழுந்தா, தூங்கியிருக்கோம்னு தெரியுது. ஆனா மயக்க மருந்து வேற மாதிரி. எண்ணச் சொன்னாங்க, எண்ணினேன். அடுத்த நொடி, முடிஞ்சுதும்மா கண்ணைத் திறங்கன்னாங்க. நடுவுல மணிக்கணக்கா ஆச்சாம். எனக்கு ஒண்ணுமே ஆகலை. சாவியும் இல்லை, வண்டியும் இல்லை, ரோடும் இல்லை. அங்கே நான் இருந்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்று சொல்லிவிட்டார்.

"அன்னையிலேருந்து எனக்கும் வாய் வரலை" என்றார் நாத்தனார். "இத்தனை வருஷமா, நீ எப்பவும் இருக்க, சாவி உன் கையிலதான் இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன். நான் போய்ப் படுத்து எழுந்து, அங்கே ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சா என்ன பண்றது? பாக்காத ரோட்டுக்கு வழி சொன்னவ ஆயிடுவேன் இல்ல?"

மயக்க டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினாள். வலிக்குக்கூட இப்படி வாடாத முகம் அது.

"பண்ணாம இருக்க முடியாது அண்ணி. கல்லு வேதாந்தம் கேக்காது."

"தெரியும். அதனால ஒரு ஏற்பாடு. நீதான் என்னை மயக்கணும். வேற யாரும் வேண்டாம். சாவியைக் கொடுக்கிறதுன்னா தெரிஞ்ச ஆள் கையில கொடுக்கணும். நான் நல்லா மயங்கினப்புறம் என் காதுல ஒரே ஒரு வார்த்தை சொல்லு. யாருக்கும் சொல்லாதே. எழுந்ததும் நான் அதைத் திருப்பிச் சொல்றேன். சொல்லிட்டா நான் அங்கே இருந்தேன்னு அர்த்தம். சொல்ல முடியலைன்னா, ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு முழுக்கு."

"நீங்க சொல்லிட்டீங்கன்னா என் வேலைக்கு முழுக்கு" என்றாள் மயக்க டாக்டர். "உள்ளே படுத்திருக்கிறவங்களுக்குக் காது கேட்டுச்சுன்னா, நான் மருந்து சரியா கொடுக்கலைன்னு அர்த்தம். எங்க தொழில்ல அதைவிட அவமானம் கிடையாது. அதுக்குத்தான் நாங்க ராத்திரி கனவுலயும் பயப்படுவோம்."

நாத்தனார் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டும், வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

"சரி, நீ உன் வேலையை ஒழுங்கா பண்ணு. நான் என் வேலையை ஒழுங்கா பண்றேன். பாத்துக்கலாம்" என்றார் நாத்தனார் கடைசியில். தேதி முடிவாயிற்று.

சொந்தக்காரர்களுக்குத் தானே மருந்து கொடுப்பது அவர்கள் தொழிலில் நல்ல பழக்கம் இல்லை. கை நடுங்கும் என்பார்கள். மயக்க டாக்டர் தன் மேலதிகாரியிடம் போய், அவரும் கூடவே நிற்பதாக ஒப்புக்கொள்ள வைத்து அனுமதி வாங்கினாள். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரோ, "நாத்தனாரைத் தூங்க வைக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். அவரைக் கத்தி டாக்டர் என்று சொல்வார்கள். கத்தியாலும் அறுப்பார், பேச்சாலும் அறுப்பார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாத்தனார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக வகுப்புக் குழுவுக்கு போனில் பேசிப் பதிவுசெய்து ஒரு குரல் செய்தி அனுப்பினார். "ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்கேன். இந்த வாரம் வகுப்பு கிடையாது. நாலாவது நிலை. மத்ததை நேர்ல சொல்றேன்." நிறுத்திவைத்த பாடம் நாலாவது நிலை, அதை அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் வகுப்புக்குப் புதுசு. ஆஸ்பத்திரி என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் நாலாவது நிலை என்று வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? சாயந்தரம் பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததும் வார்டு வாசலில் ஒரு கூட்டம் நின்றது. ஆளுக்கு ஒரு பை ஆப்பிள். சில கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. ஒருவர் வரும் வழியில் நாத்தனாரின் தம்பிக்கு போன் பண்ணி, "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட, அவர் ஆபீஸில் போட்டது போட்டபடி கிளம்பி, மாடிப்படியில் ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"ஏன் என்கிட்ட மறைச்சே?" என்று அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"எதை?"

"கேன்சர், நாலாவது ஸ்டேஜாமே."

 தான் பார்க்காத ரிப்போர்ட் ஏதாவது வந்துவிட்டதா என்று மயக்க டாக்டருக்கு ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"யாரு சொன்னது? எனக்கு இன்னும் மூணாவது நிலையே தகராறுல இருக்கு. நாலாவதுக்கு நான் எங்கே போறது? அடுத்த பாடம் அதுன்னு சொன்னா, ஆளுக்கு ஒரு ஆப்பிளோட அழ வந்துட்டீங்களா?"

விஷயம் புரிந்ததும் முதலில் தம்பிதான் சிரித்தார். அப்புறம் வார்டே சிரித்தது, பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு இருந்தவர் உட்பட. தையல்கடை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்துக்கு வந்து, "என்னாலதான் நீங்க தள்ளிப்போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன் மேடம். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

"எதுக்கு வாங்கணும்? நீ பாத்ததை நீ சொன்ன. நாளைக்கு நானும் போய்ப் பாத்துட்டு வந்து, பாத்ததைச் சொல்றேன்." நாத்தனார் எல்லார் முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அங்கே நான் இல்லைன்னா, இல்லைன்னுதான் சொல்வேன். அதோட வகுப்பு கிடையாது. கார் கத்துக்க மட்டும் வாங்க."

அதுவரை இருந்த சிரிப்பு அடங்கிவிட்டது. ஆப்பிள்களை மேஜையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

நடைக்கூடத்தில் கணவர் மெதுவாகக் கேட்டார். "எழுந்திருக்கிற நேரத்துல அரைத் தூக்கத்துல இருப்பாங்க இல்ல? அப்ப அந்த வார்த்தையைக் காதுல இன்னொரு தடவை சொல்லிடேன். அவங்களும் சந்தோஷமா இருப்பாங்க, உன் வேலைக்கும் பழுது வராது."

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மயக்க டாக்டரின் மனசிலும் அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. வேண்டாம் என்று அவள் அவருக்குச் சொன்னாளே தவிர, தனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

எந்த வார்த்தையைச் சொல்வது என்பது வேறு ஒரு தொல்லை. கல்யாணமான புதிதில் நாத்தனார் அவளிடம், "அண்ணி கிண்ணின்னு தூரமா நிக்காதே, அக்கான்னே கூப்பிடு" என்று சொல்லியிருந்தார். சொன்ன அதே வாரத்தில், கேட்காமல் கொள்ளாமல் அவளுடைய சமையலறை அலமாரிகளை எல்லாம் இடம் மாற்றியும் வைத்தார். உப்பைத் தேடி அலுத்த கோபத்தில் அவள் விறைப்பாக ஒரு தடவை "அண்ணி" என்று கூப்பிட்டாள். கோபம் அன்றைக்கே போய்விட்டது. வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. அதற்கப்புறம் பல தடவை மாற்றிக் கூப்பிட நினைத்து, நாக்கு நுனிவரை வந்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். நாத்தனாரும் மறுபடி கேட்கவில்லை. அவர் தன்னைவிட ரோஷக்காரர் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த ஆசை அவருக்கு மனசுக்குள் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை தியேட்டரில் நாத்தனார் மேஜைமேல் படுத்துக்கொண்டு சுற்றிலும் நோட்டம் விட்டார். விரலில் மாட்டிய கிளிப், கையில் பட்டை, மார்பில் ஒயர்கள், எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டார். நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டியதும், "இது எதுக்கு?" என்றார்.

"மூளை எவ்வளவு ஆழத்துல தூங்குதுன்னு காட்டும் அண்ணி. நம்பர் வரும்."

"நான் எங்கே இருக்கேன்னு காட்டுமா?"

"அதுக்கு இன்னும் மெஷின் வரலை."

"வந்தா என் வகுப்பை மூடிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது. மயக்க டாக்டர் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் பிரேக் உங்க காலுக்கடியில இருந்துச்சு, நான் பயப்படாம ஓட்டினேன். இன்னைக்கு என்கிட்ட இருக்கு. நீங்க பயப்படாம போங்க."

"நீ பயப்படாம ஓட்டின. நான்தான் பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றார் நாத்தனார்.

முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தாயிற்று. பால் போலிருக்கும் மருந்து குழாய் வழியாகக் கைக்குள் இறங்க ஆரம்பித்தது. "எண்ணுங்க அண்ணி" என்றாள்.

"ஒண்ணு" என்றார் நாத்தனார் கணக்கு வாத்தியார் குரலில். "ரெண்டு." கண் கொஞ்சம் சொருகிற்று. "மூணு... நா..."

அவ்வளவுதான். பெரிய சிஸ்டர் தலையசைத்து, "நாலு வரைக்கும் தாங்கிட்டாங்க" என்றார். மயக்க டாக்டருக்கு அது நாலு மாதிரி கேட்கவில்லை. நான் என்று ஆரம்பித்த மாதிரி இருந்தது. விவாதம் பண்ண அது நேரம் இல்லை. குழாயைத் தொண்டைக்குள் செலுத்தி, மூச்சை மெஷினிடம் ஒப்படைத்து, இமைகளின்மேல் டேப் ஒட்டினாள். நெற்றிப் பட்டையின் நம்பர் இறங்கி, இறங்க வேண்டிய இடத்தில் நின்றது. கத்தி டாக்டர் வேலையை ஆரம்பித்துவிட்டு, பள்ளிக்கூட நாளில் தான் மரத்திலிருந்து விழுந்த கதையையும் ஆரம்பித்தார்.

நாத்தனார் நல்ல ஆழத்தில் இருக்கிறார் என்று இரண்டு தரம் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, டேப்பைச் சரிபண்ணுகிற சாக்கில் மயக்க டாக்டர் குனிந்தாள். காதோரம் நரைமுடி ஒன்று தொப்பிக்கு வெளியே வந்திருந்தது. அதை உள்ளே தள்ளினாள். சொல்ல வாய் எடுத்தாள், வரவில்லை. தூங்குகிற ஆளிடம்கூடவா வெட்கம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, திக்கி, "அ... அக்கா" என்றாள்.

எந்த நம்பரும் அசையவில்லை. நாடித்துடிப்பின் சத்தம் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு மயக்க டாக்டருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அதற்கப்புறம், வெளியிலிருந்து பார்த்தால், அவளுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. வெட்டுவது ஒருவர், கருவி எடுத்துக் கொடுப்பது ஒருவர். அவள் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாக இதே ஸ்டூலில் இதையேதான் செய்கிறாள். அடுத்தவர் உடம்பில் மூச்சு போகிறதா, ரத்தம் ஓடுகிறதா என்று, அந்த உடம்புக்குரியவர் இல்லாத நேரத்தில், விழித்திருந்து பார்ப்பது. இந்த வேலைக்கு நாத்தனாரின் வகுப்பில் ஒரு பெயர் உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, எழுந்து வந்து என் அலமாரியை எப்படி வேண்டுமானாலும் மாற்றி வைக்கட்டும் என்று மனசார நினைத்துக்கொண்டாள்.

பையோடு கல் வெளியே வந்தது. கடலைப் பருப்பு அளவுகூட இல்லை. இதற்கா இத்தனை அமர்க்களம் என்று கத்தி டாக்டர் அதைத் தூக்கிக் காட்டினார்.

மருந்தை நிறுத்தி, எழுப்பி, கண்ணைத் திறக்கச் சொல்லி, தலையைத் தூக்கச் சொல்லி, குழாயை எடுத்து, பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அரைத் தூக்கம் என்று கணவர் சொன்ன நேரம் அதுதான். நாத்தனார் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். காது ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மயக்க டாக்டர் குனிந்தாள். வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தாள். பார்த்ததைச் சொல்வேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவரை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் தெளிவாக விழித்தார். கரகரத்த குரலில், "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"முடிஞ்சுது அண்ணி. நல்லபடியா முடிஞ்சுது."

 நாத்தனார் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு எதையோ தேடினார். சாவியை எங்கே வைத்தோம் என்று பையைத் துழாவுகிறவரின் முகம் அது. தேடித் தேடி, கடைசியில் கண்ணோரம் ஈரமாயிற்று.

"தையல்கடைக்காரி சொன்னது சரிதான். மூணு வரைக்கும் இருக்கு. அப்புறம் உன் மூஞ்சிதான் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லை. வார்த்தை கீர்த்தை எதுவும் இல்லை."

வேலையில் முழுசாக ஜெயித்துவிட்டு இவ்வளவு வருத்தப்பட்டது மயக்க டாக்டருக்கு அதுதான் முதல் தடவை.  உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து, நனைத்த பஞ்சை எடுத்து ஒற்றினாள்.

"பேசாதீங்க அக்கா, தொண்டை வலிக்கும்."

நாத்தனார் கண்ணை மூடினார். மூடின கண் மெல்லத் திறந்தது. திறந்தபோது அதில் ஈரம் இருந்தாலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் கியர் போடுவதைக் கவனிக்கும் பழைய பார்வையும் வந்திருந்தது.

"என்ன சொன்ன?"

"தொண்டை வலிக்கும்னேன்."

"அதுக்கு முன்னாடி."

மயக்க டாக்டர் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். முகம் சூடாயிற்று.

"இத்தனை வருஷமா உன் வாயில வராத வார்த்தை" என்றார் நாத்தனார் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. "முதல் தடவை கியர் போடுறவங்களுக்கு வண்டி குலுங்கும். இப்ப நீ குலுங்காம போட்ட. அப்படின்னா ஏற்கெனவே ஒருதடவை போட்டுக் குலுங்கியிருக்க. என் முன்னாடி போட்டதில்லை. எனக்குத் தெரியாம எப்பப் போட்டிருப்ப?" பஞ்சு ஒற்றிய உதட்டில் மெதுவாகச் சிரிப்பு வந்தது. "அதுதான் காதுல சொன்ன வார்த்தை."

மயக்க டாக்டர் கட்டிலின்மேல் குனிந்தாள். "நிஜமா சொல்லுங்க. உள்ளே கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேக்கலை. பயப்படாதே, உன் வேலை சுத்தம். கேக்கவே இல்லை, ஆனா நடந்தது தெரியுது. ராத்திரி தூங்கினதையும் காலையில இப்படித்தானே தெரிஞ்சுக்கிறோம்?"

"ஆனா முழிச்சிருந்தது நான்தானே? நீங்க இல்லையே."

"அதை இனிமேதான் யோசிக்கணும். உடம்பு பல, சாட்சி ஒண்ணுன்னு இத்தனை நாள் நானும் சும்மா மனப்பாடமா சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னைக்குத் தூங்கினது என் பக்கம், முழிச்சிருந்தது உன் பக்கம். தையல்கடைக்காரிகிட்ட நடந்ததை அப்படியே சொல்லிடுவேன். ஒண்ணும் இல்லைன்னும் சொல்வேன், ஒருத்தி உக்காந்திருந்தான்னும் சொல்வேன். ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒரு வருஷம் வகுப்பு நடத்தலாம்."

"எண்ணும்போது கடைசியா 'நா'ன்னு நிறுத்தினீங்க. நாலா, நானா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு அடிச்சு விட்டுடுறேன், விடு." அவர் சிரிக்கப் போக, வயிற்றில் தையல் இழுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அவள் கையைத் தேடிப் பிடித்தார். "தூக்கம் வருது. இது நிஜத் தூக்கம். வெளியில அந்த ஆப்பிள் கும்பல் நிக்கும். வகுப்பு உண்டுன்னு சொல்லிடு. சாவியைப் பாத்துக்கோ."

"என்கிட்டதான் இருக்கு அக்கா."

இந்தத் தடவையும் அது நாத்தனார் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. அவர் அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். மயக்க டாக்டர் கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.